தீவில் விழுந்த இரண்டு ஓட்டு

மெர்சர் தீவு
பிப்ரவரி 18

அன்புத் தம்பி ஹார்லனுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. இங்கே கட்டைவிரலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நண்டு ஓடு கிழித்த இடம் ஆறுவதற்குள் மறுபடி நண்டு உடைக்க உட்கார்ந்தால் எப்படி ஆறும்? உன் பல்வலி என்ன ஆயிற்று? பிடுங்கிவிட்டார்களா, இல்லை இன்னும் மாத்திரையிலேயே ஓட்டுகிறார்களா?

ஒரு செய்தி. உட்கார்ந்து படி. நான் தேர்தலில் நிற்கிறேன். சிரிக்காதே. நம் தீவும் எதிர்க்கரையில் இருக்கும் நாலு ஊரும் சேர்ந்து மாநிலச் சட்டசபைக்கு ஒருவரை அனுப்புகிறோம் அல்லவா, அந்த இடத்துக்கு. நவம்பரில் நம் கட்சி சார்பில் யார் நிற்பது என்று ஜூனில் ஒரு பிரைமரி தேர்தல் வைக்கிறார்கள். அதில் மூன்று பேர். கோடைக்கு வந்துபோய் இங்கே ஒரு வீடும் வாங்கிவிட்ட வக்கீல் பிரெஸ்டன் ஹோல்ட் ஒருவர். நான் ஒருத்தி. மூன்றாவது, கொரின் பீல்.

பெயரை எழுதிவிட்டேன். அவளைப் பற்றி நாம் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். உன் இஷ்டம்.

குளிர்காலத்தில் தீவுக்கு வரும் படகை வாரம் ஒரு முறையாகக் குறைக்கப் போகிறார்கள், அதை எதிர்த்து நிற்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அது பொய்யில்லை. உன்னிடம் மட்டும் இன்னொரு காரணமும் சொல்கிறேன். வேட்பாளர் என்றால் யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க முடியாது. கோர்ட்டில் உனக்காகப் பேசிவிட்டு வந்த நாளிலிருந்து இந்த ஆறு வருஷமாக நான் ஒரு கதவையும் தட்டவில்லை. நண்டுச் சதையை டப்பாவில் அடைத்து வாசலில் ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். சதை நன்றாக இருக்கிறது என்று படகோட்டி ஓரினிடம் சொல்கிறார்களாம். என்னிடம் சொல்வதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா,
வெர்னா


சிறை
மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஹார்லன் எழுதுகிறேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது வலி இல்லை, நாக்குதான் அந்தப் பள்ளத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது. உன் விரலுக்கு மருந்து போட்டுத் துணி சுற்று. கையுறை போட்டு நண்டு உடைக்க முடியாது என்று நீ சொல்வது எனக்குத் தெரியும்.

நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து நின்று இன்னொரு தரம் படித்தேன். மரப்பட்டறையில் என் பக்கத்து மேசைக்காரன் கிளைட் பயந்துபோய்க் கேட்டான்.

"என்னப்பா, வீட்ல யாராவது போய்ட்டாங்களா?"

"அக்கா எலெக்ஷன்ல நிக்கிறாங்க."

"அப்ப ஜெயிச்சதும் இங்க நல்ல காப்பி போடச் சொல்லு. இது காப்பியே இல்ல."

கொரினைப் பற்றி நான் பேசாமல் இருப்பது சரியில்லை. அவள் புருஷன் வெண்டெல் மூழ்கிய அன்று படகை ஓட்டியவன் நான், குடித்திருந்தவனும் நான். அவளை எதிர்த்து நிற்பது உனக்குச் சங்கடமாக இல்லையா? இல்லையென்றால் சரி. இங்கே பட்டறையில் சின்னப் படகுகள் செய்தால் நன்றாக விற்கும் என்றார்கள். நான் மாட்டேன் என்று சொல்லிப் பறவைதான் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். இந்த மாநிலத்தில் உள்ளே இருப்பவனுக்கும் ஓட்டு உண்டு. தபாலில் அனுப்பினால் கடைசியாகக் குடியிருந்த ஊரில், அதாவது நம் தீவில் எண்ணுவார்கள். வெளியே இருந்தபோது நான் ஓட்டுப் போட்டவனில்லை, உனக்கே தெரியும். இந்த முறை போடப் போகிறேன். முதல், இரண்டு, மூன்று என்று வரிசை போட வேண்டும் என்கிறார்களே, அது என்ன கணக்கு? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

தம்பி,
ஹார்லன்


மெர்சர் தீவு
மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

விரல் பரவாயில்லை. பல் போன இடத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளி, அங்கே உப்புக்குமா பஞ்சம்?

ஓட்டுக் கணக்கு சுலபம்தான். சீட்டில் மூன்று பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று வட்டம். யார் முதலில் வேண்டும், அவர் இல்லையென்றால் யார், அவரும் இல்லையென்றால் யார் என்று நிரப்ப வேண்டும். முதலில் எல்லாருடைய முதல் பெயரையும் எண்ணுவார்கள். ஒருவருக்குப் பாதிக்கு மேல் விழுந்துவிட்டால் அதோடு முடிந்தது. இல்லையென்றால் கடைசியாக வந்தவரை வெளியேற்றிவிட்டு, அவரை முதலில் போட்ட சீட்டுகளை மட்டும் எடுத்து, அவற்றில் இரண்டாவதாக யார் இருக்கிறாரோ அவர் கணக்கில் சேர்ப்பார்கள். நம் ஊரில் எண்ணுவது முதல் பெயரை மட்டும்தான். மீதி வேலைக்குச் சீட்டையெல்லாம் மூட்டை கட்டித் தலைநகருக்குக் கொண்டுபோவார்கள்.

ஒரே பெயரை மூன்று இடத்திலும் நிரப்பிவிடாதே. ஊர் எழுத்தர் யூனிஸ் தலையில் அடித்துக்கொள்கிறாள். "மூணு தடவ போட்டா மூணு ஓட்டாயிடுமா? அது ஒண்ணுதான். அந்த ஆளு வெளிய போனா உன் சீட்டும் கூடவே வெளிய போயிடும்."

கதவு தட்ட ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். உள்ளே வா, உட்கார், காப்பி குடி என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. போன வீட்டிலெல்லாம் ஒரே பதில். "உன்னத்தான் வெர்னா ரெண்டாவதா போடப்போறேன்." தீவு மொத்தமும் என்னை இரண்டாவதாகப் போடத் தயாராக இருக்கிறது. இவ்வளவு பேருக்கு என்னைப் பிடிக்கும் என்று எனக்கே தெரியாது.

கொரினை எதிர்த்து நிற்பது சங்கடமா என்று கேட்டாய். சங்கடம்தான். அதற்காக வீட்டுக்குள்ளேயே இருந்து பார்த்துவிட்டேன், அது அதைவிடச் சங்கடமாக இருந்தது.

அக்கா


சிறை
ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உப்புத் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். நம் தீவில் பனி உருகிவிட்டதா? படித்துறைப் பலகை வழுக்கும், பார்த்து நட.

நீ எழுதிய கணக்கை நாங்கள் சோதித்துப் பார்த்துவிட்டோம். ஈஸ்டருக்கு என்ன கேக் வேண்டும் என்று சமையற்கட்டில் கேட்டார்கள். பட்டறையில் நாங்கள் பதினொரு பேர். கிளைட் மரத்தூள் படிந்த அட்டையில் கோடு போட்டு ஆளுக்கொரு சீட்டு கொடுத்தான். புளூபெரி கேக்கை முதலில் போட்டவர்கள் ஐந்து பேர், சாக்லேட் நாலு பேர், ஆப்பிள் இரண்டு பேர். மற்ற ஒன்பது பேரும் ஆப்பிளைத்தான் இரண்டாவதாகப் போட்டிருந்தார்கள். ஆப்பிள் யாருக்கும் பிடிக்காமல் இல்லை. ஆனாலும் முதலில் வெளியே போனது அதுதான். அந்த இரண்டு பேரின் இரண்டாவது பெயர் சாக்லேட். ஆக சாக்லேட்டுக்கு ஆறு. அது ஜெயித்தது.

கிளைட்டுக்கு ஆறவில்லை. "எல்லாருக்கும் புடிச்ச கேக்கு எப்பிடிடா தோக்கும்?" என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் புளூபெரிக்குப் போட்டவன்.

அதனால் ஒன்று தெளிவாகத் தெரியவேண்டும், அக்கா. நான் முதலில் போட்டவர் கடைசிவரை நின்றுவிட்டால், என் சீட்டில் இரண்டாவதாக இருப்பவரை யாரும் பார்க்கவே மாட்டார்கள், அப்படித்தானே?

உன்னைக் காப்பி குடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று படித்ததில் எனக்கு நிம்மதி. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஹார்லன்


மெர்சர் தீவு
மே 6

அன்புத் தம்பிக்கு,

சுகம்தான். முழங்கால் மட்டும் மேடு ஏறும்போது பேசுகிறது. நீ இளைத்திருக்கிறாயா? போன படத்தில் கழுத்தெலும்பு தெரிந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம். முதலில் போட்டவர் நிற்கும்வரை இரண்டாவது பெயரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால் என்னை முதலில் போட்டுவிட்டு இரண்டாவதாக யாரை வேண்டுமானாலும் போடு, அதனால் எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. நான் இரண்டாவதாகக் கொரினைத்தான் போடப் போகிறேன். ஹோல்ட்டுக்குக் குளிர்காலப் படகைப் பற்றி என்ன தெரியும்? அவர் ஜனவரியில் இங்கே இருந்தால்தானே?

கொரின் வீட்டுக் கதவையும் தட்டினேன். கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.

"என்கிட்டயே ஓட்டுக் கேக்க வந்தியா?"

"ரெண்டாவது எடமாவது குடு. மூணுல ஒண்ணு எப்படியும் எனக்குத்தான் வரணும்."

சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டாள். "யோசிக்கிறேன்" என்று கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. அதையே பாதி வழி வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சீட்டு உனக்கு வந்துவிட்டதா? தாமதிக்காதே. ஓட்டு நாளுக்குள் யூனிஸ் கைக்கு வராவிட்டால் குப்பைதான்.

அக்கா


சிறை
மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இளைக்கவில்லை, அந்தப் படத்தில் வெளிச்சம் அப்படி. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சீட்டு வந்தது. நிரப்பி, உறையில் கையெழுத்துப் போட்டு, அனுப்பிவிட்டேன். ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் பெயர் அதில் இருக்கிறது.

பட்டறையில் கடற்காகம் ஒன்று செதுக்கி முடித்தேன். கழுத்து கொஞ்சம் தடித்துவிட்டது. வேறு செய்தி இல்லை.

ஹார்லன்


மெர்சர் தீவு
ஜூன் 20

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

தோற்றுவிட்டேன். அது செய்தியில்லை, ஜெயிப்பேன் என்று நான் நினைக்கவுமில்லை. ஐந்து ஊரிலும் சேர்த்து யாருக்கும் பாதி வரவில்லை. கடைசி நான். நான் வெளியேறியதும் எதிர்க்கரையில் எனக்கு விழுந்திருந்த ஓட்டில் முக்கால்வாசி கொரினுக்குப் போய், அவள் ஹோல்ட்டைத் தாண்டிவிட்டாள். நவம்பரில் அவள்தான் நம் வேட்பாளர்.

நான் சொல்ல வந்தது வேறு. ஓட்டு முடிந்த அன்று நம் பள்ளிக்கூடத்து அறையில் யூனிஸ் முதல் பெயர்களை எண்ணி வாசித்தாள். கொரின் பீல் முப்பத்தி நாலு. பிரெஸ்டன் ஹோல்ட் பத்தொன்பது. வெர்னா கிரவுலி இரண்டு.

ஒன்று நான் போட்டது. இன்னொன்று உன் உறை. அது வந்து சேர்ந்ததை யூனிஸே என்னிடம் சொல்லியிருந்தாள். ஆக இந்தத் தீவில் கால் வைத்து நடக்கிற ஒரு மனுஷர்கூட என்னை முதலில் நினைக்கவில்லை. நான் உன் ஆப்பிள் கேக், ஹார்லன். அந்த அம்பத்தி மூன்று சீட்டில் என் பெயர் இரண்டாவதாக நிஜமாகவே இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியப் போவதில்லை. கொரினும் ஹோல்ட்டும் கடைசிவரை நின்றார்கள், அதனால் அந்த வட்டங்களை யாரும் பார்க்கவில்லை.

உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள் என்று எழுதினேனே, அது பொய். எல்லாரும் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நீ கவலைப்படக் கூடாது என்று எழுதினேன். எனக்கும் அப்படி எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

நீயாவது போட்டாயே. அது போதும்.

அக்கா


மெர்சர் தீவு
ஜூலை 16

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. காய்ச்சலா? வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களா? நான் அப்படி அழுது எழுதியது உனக்குப் பாரமாகிவிட்டதா? அப்படியென்றால் அதை விடு. தோட்டத்தில் பட்டாணி காய்த்திருக்கிறது. இரண்டு வரி எழுது, போதும்.

அக்கா


சிறை
ஆகஸ்ட் 3

அக்கா,

எனக்குக் காய்ச்சல் இல்லை. எந்தக் கட்டடத்துக்கும் மாற்றவில்லை. உன் கடிதத்துக்கு நாலு முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

அந்த ஓட்டு என்னுடையது இல்லை.

நான் கொரினை முதலில் போட்டேன். உன்னை இரண்டாவதாகப் போட்டேன். உன் பெயர் அதில் இருக்கிறது என்று எழுதியது பொய்யில்லை, ஆனால் நீ என்ன நினைத்துக்கொள்வாய் என்று தெரிந்தேதான் அப்படி எழுதினேன்.

அவளிடமிருந்து நான் எடுத்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. மன்னிப்புக் கேட்டு எழுதக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது, எழுதினாலும் அவள் படிக்க வேண்டியதில்லை. எனக்கென்று இந்த மாநிலம் விட்டுவைத்தது இந்த ஒரு சீட்டுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பெயருக்கு மேலே வேறு பெயரை என்னால் போட முடியவில்லை. உன் பெயரைக்கூட. கோர்ட்டில் எழுந்து நின்று எனக்காகப் பேசியவள் நீ, மாதம் தவறாமல் எழுதுகிறவள் நீ, எனக்கு இருப்பவளும் நீ ஒருத்திதான். ஆனாலும் முடியவில்லை.

எல்லாரும் உன்னை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். உனக்கு நிறைய விழும், என்னுடைய ஒன்று குறைந்தால் தெரியாது என்று நினைத்தேன். இரண்டுதான் என்று தெரிந்தபோது, சொல்லாமலே இருந்துவிடலாம், அக்கா அந்த ஒன்றை நான் போட்டதாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தேன். ஆனால் அப்படி இருந்தால் நான் உன்னிடமிருந்து ஓர் ஆளைத் திருடியவன் ஆகிறேன். உன்னை முதலில் நினைத்த ஒருவர் அந்தத் தீவில் இருக்கிறார், அக்கா. அது நான் இல்லை.

கொரினிடம் இதைச் சொல்லாதே. அவளுக்குத் தெரியவேண்டும் என்று நான் போடவில்லை.

நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

ஹார்லன்


மெர்சர் தீவு
செப்டம்பர் 29

தம்பிக்கு,

உன் உடம்பைப் பற்றி இந்த முறை முதலில் கேட்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அடுப்பில் போடக் கையில் எடுத்தேன். ஆகஸ்ட் மாதத்தில் யார் அடுப்பை எரிய வைத்திருப்பார்கள்? மேசையிலேயே கிடந்தது. எனக்குக் கோபம், ஹார்லன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஊர் மொத்தமும் என்னை இரண்டாவதாகப் போட்டதைத் தாங்கிக்கொண்டேன். நீயும் அந்த வரிசையில் போய் நின்றாய் என்பது சோற்றில் கல் மாதிரி பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

பிறகு ஒரு நாள் படித்துறையில் டப்பாக்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் என்னை முதலில் நினைத்த ஒருவர் இங்கே இருக்கிறார் என்ற உன் மற்ற வரி உறைத்தது. யார் அது? ஓரின் என் டப்பாக்களை வெயில் படாமல் உள்ளே தள்ளி வைத்தான். இவனா? யூனிஸைக் கேட்டேன். "தெரிஞ்சா சொல்லமாட்டேன். தெரியவும் தெரியாது. வேலையப் பாரு" என்றாள். ஒருவேளை இவளா? கடையில், சர்ச்சில், குப்பை வண்டிக்குப் பக்கத்தில், எல்லா முகத்தையும் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் ஒரு தொல்லை வந்துவிட்டது. யார் என்று தெரியாததால் யாரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியவில்லை. ஒருவேளை இவராக இருந்தால் என்று நினைத்து எல்லாருக்கும் முதலில் நானே வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வருஷமாக அவர்கள் மட்டும்தான் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். நானும்தான் யாரையும் பார்க்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கொரின் நண்டுக்கு வந்தாள். வாசல் பெட்டியில் எடுக்காமல் கதவைத் தட்டினாள். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"கொரின், அந்த ஓட்டு நீ போட்டதா?"

"நானா? நான் எனக்குத்தான் போட்டேன். என்னப் பாத்தா அவ்வளவு நல்லவளாவா தெரியுது?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு போகவில்லை, நின்றாள். உள்ளே வா என்றேன். வந்தாள். குளிர்காலப் படகைப் பற்றித்தான் பேசினோம், நான் சேர்த்து வைத்திருந்த தகவலையெல்லாம் கேட்டுக்கொண்டாள். ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்.

"ரெண்டுல ஒண்ணு உன் தம்பி போட்டதா இருக்கும்" என்றாள், கோப்பையைப் பார்த்தபடி.

"ஆமா" என்றேன். நீ சொன்னபடி வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு நன்றாகத் தெரியும்.

டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்படி இருக்கான்?"

இந்தத் தீவில் ஒருவர் உன்னைப் பற்றி அப்படிக் கேட்டு ஆறு வருஷமாகிறது, அதுவும் அவள் வாயிலிருந்து. "பல்லு ஒண்ணு புடுங்கிட்டாங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வருவாள் என்று நினைக்கிறேன். வந்து மறுபடி கேட்டால் பல்லையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் வழக்கத்துக்கு எழுதுகிற மாதிரி நலம் என்று எழுதிவிடாமல், யோசித்து எழுது.

எப்படி இருக்கிறாய்?

அக்கா